கைபிடிச்சுவரும் படைக்கலமும்

தன்னுயிரைக் காத்துக்கொள்ளுதற்பொருட்டுப் பிறிதோர் உயிரைப் போக்குதல் அறமாகுமோ என்னும் வினா சட்டநூலார்க்கு மட்டும் உரியதன்று. முதற்கண் சமயநூலார்க்கே உரியது. இக்காலத்து நீதிமன்றங்களில் வழங்கும் தற்காப்புரிமை வழக்கறிஞர் தம் அறிவாற் புதிதாகக் கண்டதொன்றன்று. அது எபிரேயர் வேதத்திலும் உரோமர் பலகைச் சட்டத்திலும் வேரூன்றி, கிறித்தவ நூலார் ஆராய்ச்சியில் உரம் பெற்று, ஆங்கிலர் வழக்கில் அடிமரமாகி, ஐக்கிய அமெரிக்க நாட்டிலும் நம் நாட்டிலும் கிளைத்து நிற்பது. அமெரிக்க நாட்டில் இல்லத்தே துப்பாக்கி வைத்திருப்போர் பலர் தம் செயலுக்கு வேதமே சான்று என்பர். அக்கூற்றில் மெய் எத்துணை, குறை எத்துணை என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

யாம் நிறுவக் கருதியது இதுவே. கள்வனைக் கொன்றவனைக் குற்றமிலன் என்று விடுவிக்கும் அவ்வேதமே, ஆபத்தான பொருளைக் காவலின்றி வைத்து அதனாற் பிறர் உயிரிழக்க விட்டவனைக் குற்றவாளி என்று பிடிக்கின்றது. இவ்விரண்டும் ஓரறத்தின் இரு கூறுகள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுவோர் வேதத்தைக் கொண்டவராகார். இனி இதனை முறையே விளக்குவாம்.

இரவுக் கள்வனும் பகற் கள்வனும்

எபிரேயர் வேதத்துள் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இவ்விதி காணப்படுகின்றது. கன்னமிட்டு உட்புகுங் கள்வன் அகப்பட்டு அடிபட்டு இறப்பின், அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. அவன்மேல் ஞாயிறு உதித்திருந்ததாயின் பழி உண்டு. விதி இவ்வளவே. கொலையை ஓரிடத்து நீக்கி ஓரிடத்து நிறுத்தும் இவ்வேறுபாடு எதனால் வந்தது? இரவில், வந்தவன் கருத்து இன்னதென்று அறியவியலாது. உதவிக்கு வருவார் இலர். சான்று கூறுவாரும் இலர். பகலில் இம்மூன்றும் உள. ஆகலின் இரவில் ஒத்த செயல் பகலில் ஒவ்வாதாயிற்று.

கி.மு. 5ஆம் நூற்றாண்டினதாகிய உரோமர் பன்னிரு பலகைச் சட்டமும் இவ்வாறே இரவுக் கள்வனையும் பகற் கள்வனையும் வேறுபடுத்தியது. இரவிற் களவு செய்தானைக் கொல்லுதல் குற்றமன்று. பகலில் வந்தவனாயின், படைக்கலங்கொண்டு எதிர்த்தாலன்றிக் கொல்லலாகாது. ஒன்றனை ஒன்று அறியாத இரு வேறு மக்கள் ஓரெல்லையையே வகுத்தமை நோக்கத்தக்கது.

எபிரேய ஆசிரியர் இவ்விதியை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். பாபிலோனியத் தல்மூதில் சன்ஹெத்ரின் என்னும் பகுதியில் அவர் கூறும் ஏது வருமாறு: பொருளுடையான் தன் பொருள் களவாடப்படுவதைக் கண்டு வாளாவிரான்; கள்வனும் அதனை அறிவான்; அறிந்தும் வருகின்றானாகலின், எதிர்ப்பட்டாற் கொல்வேன் என்னுந் துணிவோடே வருகின்றான். எனவே இல்லத்தான் அவனைத் தடுத்தல் தன் பொருட்டன்று, தன் உயிர்ப்பொருட்டே. பொருளுக்காக உயிர்வாங்க வேதம் இசையவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஞாயிறு உதித்தல் என்பதற்கும் அவர் வேறொரு பொருள் கண்டனர். வந்தவன் கொலைக்கருத்துடையன் அல்லன் என்பது பட்டப்பகல்போல் தெளிவாயிருப்பின், இரவாயினும் அவனைக் கொல்லலாகாது என்பதே அது. இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு உள்ளத்தைத் தொடுவது. மகன் இல்லத்தில் தந்தை கன்னமிட்டுப் புகுந்தானாயின், மகன் அவனைக் கொல்லலாகாது. கள்வனாயினும் தந்தை தந்தையே. மகனைக் கொல்லும் நெஞ்சு அவனுக்கு வாராது. ஈண்டு ஆராயப்படுவது நாழிகையன்று, வந்தவன் நெஞ்சு. காப்பவன் தனக்குத் தெரிந்தவற்றைக்கொண்டு அந்நெஞ்சை அறிய முயலுதல் வேண்டும். அறியாது கொல்லுதல் வேறு, அறிய முயலாது கொல்லுதல் வேறு.

இனி, பிறன் ஒருவனைக் கொல்லத் துரத்துவானைத் தடுக்கும் விதியிலும் ஓரெல்லை வகுக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்னும் யூதப் பேராசிரியர் அதனைத் தொகுத்துரைக்கின்றார். துரத்துவானை ஓருறுப்பிற் புண்படுத்தியே தடுக்கவியலுமாயின், அவனைக் கொன்றவன் இரத்தஞ் சிந்தியவனே ஆவன். சாவுக்கு உரியவனேயாயினும் மன்றம் அவனைக் கொல்லாது. மன்றத்தில் தப்பினான் என்பதனால் இறைவன்முன் தூயனாயினான் என்பதில்லை. சட்டம் விடுவதும் அறம் விடுவதும் ஒன்றல்ல என்னும் இந்நுட்பத்தை அன்பர்கள் மனத்துள் இருத்துக. பின்னரும் இது வேண்டப்படும்.

எருதும் குழியும் கைபிடிச்சுவரும்

மேற்காட்டிய விதியை எடுத்தோதுவோர் பலர். அதற்குச் சில வாக்கியங்கள் முன்னே கிடப்பதை எடுத்தோதுவோர் சிலரே. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின் இறுதியில் முட்டும் எருதைப்பற்றிய விதி உள்ளது. எருது ஒருவனை முட்டிக் கொன்றால் எருது கொல்லப்படும், உடையான் குற்றமிலன். ஆனால் அது முட்டும் இயல்பினது என்பது முன்னரே அவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் அதனைக் கட்டிக் காவாதிருந்தானாயின், அவனும் சாவுக்கு உரியன். மீட்புப்பொருள் விதிக்கப்படின் அதனைக் கொடுத்து உயிர்மீளலாம். அடுத்து, குழிதோண்டி மூடாது விட்டவன் அதில் விழுந்திறந்த விலங்குக்கு ஈடு செய்யவேண்டும் என்னும் விதி வருகின்றது. இவற்றையடுத்தே கன்னமிடுங் கள்வன் விதி. நூல்செய்த முறையிலேயே, தன் பொருளாற் பிறர்க்கு நேருங் கேட்டுக்கு உடையான் விடையிறுத்தல் வேண்டும் என்பது முன்னும், தன்னைக் காக்கும் உரிமை பின்னும் நிற்கின்றன.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் வேறொரு விதி உள்ளது. புதுவீடு கட்டுவோன் மேல்மாடத்துக்குக் கைபிடிச்சுவர் கட்டுதல்வேண்டும். கட்டாதுவிட, ஒருவன் விழுந்திறப்பின் அவ்வில்லத்தின்மேல் இரத்தப்பழி வரும். கள்வனைக் கொன்றவனிடத்து இல்லையென நீக்கிய அவ்விரத்தப்பழியே ஈண்டு இல்லத்தான்மேல் ஏற்றப்படுதல் காண்க. முன்னவன் கையால் அடித்துக் கொன்றான், பழியில்லை. பின்னவன் எவரையும் தீண்டினானல்லன்; பழியுண்டு. செய்கையினும் செய்யாமை கொடிதாதல் இதனால் விளங்கும்.

தல்மூது ஆசிரியர் இதனை விரித்து, கடிக்கும் நாயை வளர்த்தலும் ஆடும் ஏணியை இல்லத்தில் வைத்தலும் இவ்விதியால் விலக்கப்பட்டன என்றனர். மைமோனிடீஸ் இன்னும் ஒருபடி சென்று, உயிர்க்கு இடையூறாவது எதுவாயினும் அதனை நீக்குதலும் அதனின்று காத்தலும் கடன் என்றார். அவர் இதனைக் கூறுமிடமே நம் ஆராய்ச்சிக்கு முடிமணி. கொலைஞனையும் உயிர்காப்பையும் பற்றி அவர் வகுத்த பகுதி ஒன்றே. அதன் முதல் அதிகாரத்தில் துரத்துவானைத் தடுக்கும் உரிமையும், 11ஆம் அதிகாரத்தில் கைபிடிச்சுவர் கட்டுங் கடமையும் அமைந்துள்ளன. உயிர்காத்தல் என்னும் ஓரறமே ஓரிடத்து உரிமையாயும் ஓரிடத்துக் கடமையாயும் நிற்கின்றது என்பது அவர் கருத்தாதல் தெளிவு.

கிறித்தவ நூலார் கொள்கை

கிறித்தவ ஆசிரியருள் தற்காப்புக் கொலையை எல்லாரும் ஒருபடித்தாக உடன்பட்டிலர். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்தீன், தன்னுயிரைக் காத்தற்பொருட்டுத் தனிமனிதன் பிறனைக் கொல்லுதலைத் தாம் ஒப்பவில்லை என்று எழுதினார். போர்வீரனும் அரசன் ஏவலாளனும் பிறரைக் காத்தற்பொருட்டு முறைப்படி செய்வது வேறு என்றார். தன்னுயிர்மேற் பற்றுமிகுதியே கொலைக்கு ஏதுவாகும் என்பது அவர் அச்சம்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதனை வேறு வகையாற் பகுத்தார். ஒரு செயலால் இரு பயன் விளையலாம். அவற்றுள் ஒன்றே கருதப்பட்டது, மற்றையது கருத்துக்குப் புறம்பானது. தன்னைக் காப்பவன் தன்னுயிர் நிற்றலைக் கருதுகின்றான். எதிரியின் சாவு அதனோடு ஒட்டி விளைகின்றது. ஆகலின் அது குற்றமன்று. ஆயினும் வேண்டியதற்கு மிகுந்த வன்மையைச் செலுத்தினானாயின், செயல் கருத்தோடு பொருந்தாதாய்க் குற்றமாகும். கருத்து நல்லது என்று வாயாற் கூறுதல் போதாது. செயலின் அளவே கருத்துக்குச் சான்று என்பது இவர் கொள்கை. பிற்காலத்து மேனாட்டுச் சட்டங்களில் வழங்கும் அளவொத்த வன்மை என்னும் விதிக்கு இது பெருந்துணையாயிற்று.

ஆங்கிலர் வழக்கு

ஆங்கில நாட்டு வழக்கில் சமயவேர் வெளிப்படத் தோன்றும் இடங்கள் பல. 1278ஆம் ஆண்டின் குளௌஸ்டர் சட்டப்படி, தற்காப்பிற் கொன்றவனும் உடனே விடப்படவில்லை. சிறையிலிருந்து அரசன் மன்னிப்பை வேண்டிநின்றான். மன்னிப்புக் கிடைத்தும் அவன் அசையும் பொருள் அரசனைச் சேர்ந்தது. குற்றமிலன் என்றபின் மன்னிப்பு எதற்கு எனின், இரத்தஞ் சிந்துதல் எவ்வாற்றானும் ஒரு கறை. அதனைத் துடைக்க ஒரு சடங்கு வேண்டும் என்னும் பழைய சமயவுணர்வே அதன்கண் நிழலிடுகின்றது எனலாம். கள்வரையும் கன்னமிடுவாரையும் கொன்றவர்க்கு 1532ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விழப்பை நீக்கிற்று. ஏனைத் தற்காப்புக் கொலைகளில் அவ்விதி பெயரளவிலேனும் 1828 வரை நின்றது.

ஒருவனைக் கொன்ற பொருள், வண்டியாயினும் விலங்காயினும், இறைவனுக்குரியதென்று பறிமுதலாகும் வழக்கமும் ஆண்டு இருந்தது. 1846ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. முட்டும் எருதின் விதி அந்நாட்டில் எடுத்த வடிவமாக இதனைக் கருதுதல் பொருந்தும்.

1765 முதல் 1769 வரை வெளிவந்த தம் பெருநூலில் பிளாக்ஸ்டன் என்னும் நியாயவாதி, இரவிற் கன்னமிடுவானைக் கொல்லும் உரிமைக்கு யூதர் விதியையும் உரோமர் பலகை விதியையும் மேற்கோளாக்கினார். கைபிடிச்சுவர் விதியை அவர் அவ்விடத்து உடன்வைத்திலர். வேரினின்று ஒரு கிளை மட்டும் சட்டப்புத்தகத்துள் ஏறியது இவ்வாறேயாம்.

படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் சமயப் பூசலிலேயே எழுத்துருப் பெற்றது. இரண்டாம் ஜேம்ஸ் என்னும் கத்தோலிக்க அரசன் புராட்டஸ்டண்டு குடிகளின் படைக்கலத்தைப் பறித்தான் என்னும் முறையீட்டால், 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனம், புராட்டஸ்டண்டு குடிகள் தம் நிலைக்கேற்பவும் சட்டம் இசைந்தவாறும் தற்காப்புக்குப் படைக்கலம் வைத்திருக்கலாம் என்றது. உரிமை ஒரு சமயத்தார்க்கே கொடுக்கப்பட்டது, கொடுத்ததும் வரம்போடே.

அமெரிக்க நாட்டு நிலை

1791ஆம் ஆண்டு அமெரிக்க அரசியற்சட்டத்தின் இரண்டாந் திருத்தத்தில் அவ்வுரிமை சமயவேறுபாடின்றி எழுதப்பட்டது. அது படைதிரட்டும் கூட்டுரிமையோ, தனிமனிதன் உரிமையோ என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. 2008ஆம் ஆண்டில் கொலம்பியா மாவட்ட வழக்கில், இல்லத்தில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனிதன் உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தார் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்த்தனர். வீட்டிலுள்ள துப்பாக்கி எப்போதும் கழற்றப்பட்டோ விசைபூட்டப்பட்டோ இருத்தல்வேண்டும் என்னும் விதியையும் நீக்கினர். ஆயினும் எதிர்பாராக் கேடுகளைத் தடுக்கத் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்தல்பற்றிய சட்டங்களைத் தம் தீர்ப்பு அழிக்கவில்லை என்று அதிலேயே கூறினர். 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இவ்வுரிமையைத் தடுக்குஞ் சட்டம் அந்நாட்டுப் பழைய வழக்கோடு ஒத்திருத்தல்வேண்டும் என்றது. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு, குடும்பத்தாரை அச்சுறுத்தியமைக்காக மன்றத்தால் தடையிடப்பட்டவன் துப்பாக்கி வைத்திருத்தலை விலக்குஞ் சட்டத்தை எண்மர் ஒருமித்து நிலைநிறுத்திற்று.

இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு நேராகப் பயன்படுவது மிச்சிகன் மாகாணத்தில் நிகழ்ந்த ஒன்று. 2021ஆம் ஆண்டு நவம்பரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பள்ளியில் மாணவர் நால்வரைச் சுட்டுக்கொன்றான். சின்னாட்களுக்குமுன் தந்தை வாங்கிய துப்பாக்கி அது. அன்று காலையிலேயே பள்ளியார் பெற்றோரை அழைத்து, சிறுவன் வரைந்த அச்சந்தரும் படத்தைக் காட்டினர். பெற்றோர் அவனை இல்லத்துக்கு அழைத்துச் சென்றிலர். 2024ஆம் ஆண்டில் தாயும் தந்தையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, கருதாக் கொலைக்குற்றவாளிகள் என்று நடுவர் குழாத்தாற் கூறப்பட்டனர். முட்டும் எருது என்று அறிவிக்கப்பட்டும் கட்டாதுவிட்ட உடையான் விதி இதுவன்றோ? பிளாக்ஸ்டன் அவ்விடத்து எடாதுவிட்ட கிளை, நெடுங்காலங் கழித்து நால்வர் இளையோர் குருதியில் தளிர்த்தது. அம்மாகாணத்தில் சிறுவர் உள்ள இல்லங்களில் துப்பாக்கியைப் பூட்டிவைக்கவேண்டும் என்னுஞ் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னே கட்டவேண்டிய கைபிடிச்சுவர் விழுந்தபின் கட்டப்பட்டது.

நம் நாட்டு விதி

இனி நம் நாட்டை நோக்குவாம். கொலைகருதி எதிர்வருவானை வடநூலார் ஆததாயி என்பர். மனு நூல் எட்டாம் அத்தியாயம், தன்னைக் காத்தற்கும் மகளிரையும் அந்தணரையும் காத்தற்கும் கொல்லுதல் குற்றமன்று என்றும், ஆததாயியாய் வருபவன் குருவேயாயினும் முதியோனேயாயினும் தயங்கவேண்டா என்றும் கூறுகின்றது. இதனை எழுத்தளவிற் கொள்ளாது உரைகண்டார் உளர். யாஞ்ஞவல்கியத்துக்கு மிதாட்சரம் என்னும் உரை வகுத்த விஞ்ஞானேசுவரர், குரு முதலியோரைக் கூறியது அவரைக் கொல்லென விதித்தற்கன்று, ஏனையோரிடத்து உரிமையை வலியுறுத்தற்கே என்றார். அத்தகையோரைத் தடுக்கையில் கருதாது இறப்பு நேரின் சிறு கழுவாய் போதும். அரசதண்டம் இல்லை என்பது அவர் முடிபு. கருத்தால் தடுத்தலும் கருதாது இறத்தலும் என்று அவர் பகுத்தது அக்வினாஸ் பகுப்போடு ஒத்தல் காண்க. அரசதண்டம் நீங்கியும் கழுவாய் நிற்றல், மன்றத்தில் தப்பியும் இரத்தப்பழி நிற்கும் மைமோனிடீஸ் கொள்கையோடு ஒத்தல் காண்க.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் ஆங்கிலர் வழக்கைத் தழுவி 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்தது. அதற்கு மாற்றாக 2024 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அவற்றையே கூறுகின்றன. காப்புக்கு வேண்டிய அளவின் மிக்க தீங்கு செய்தலாகாது. அரசகாவலரை அடைய நேரமிருப்பின் இவ்வுரிமை இல்லை. ஞாயிறு மறைந்தபின்னும் எழுமுன்னும் கன்னமிடுவானிடத்து உயிர்போக்குமளவும் உரிமை செல்லும் என்று 41ஆம் பிரிவு கூறுகின்றது. யாத்திராகமத்து ஞாயிறு இன்றும் நம் சட்டப்புத்தகத்தில் உதித்து மறைகின்றது என்க. அளவுகடந்து கொன்றவன், நல்லெண்ணத்தோடும் பகைமையின்றியும் செய்தானாயின், கொலைக்குற்றம் சிறிது குறைக்கப்படுமேயன்றி அறவே நீங்காது.

நாயன்மார் இருவர்

அற்றேல், படைக்கலம் ஏந்தியிருந்தும் தம்மைக் காவாது உயிர்நீத்த மெய்ப்பொருள் நாயனாரும் ஏனாதிநாத நாயனாரும் காட்டிய நெறி யாது? அவரைப் போற்றும் சைவர் தற்காப்பை அறமெனக் கொள்ளுதல் முரணன்றோ எனின், முரணன்று. மெய்ப்பொருளார் சேதிநாடு காக்கும் வேந்தர். முத்தநாதனைப் போரிற் பலகாலும் புறங்கண்டவர். நாட்டைக் காத்தற்கு அவர் வாளெடுத்தார். சிவவேடத்தின்முன் தம்மைக் காத்தற்கு எடாதுவிட்டார். குத்திய பகைவனைத் தத்தனால் ஊறின்றி ஊரெல்லை கடத்துவித்தார். ஏனாதிநாதர் வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர். அதிசூரன் நெற்றியில் நீற்றைக் கண்டதும் பொருதலை ஒழிந்தார். ஒழிந்தும், படையில்லாதவனைக் கொன்ற பழி அவனைச் சாராவண்ணம் வாளும் பலகையும் கைவிடாது எதிர்நின்றார். தம்மைக் கொல்வானுக்கு வரும் பழியையும் எண்ணிக் காத்த இவ்வுள்ளம் எந்நாட்டுச் சட்டத்துக்கும் எட்டாதது.

ஆயினும் அவர் விட்டது தமக்குரிய உரிமையையே. பிறர்க்குரிய காவலை அன்று. தன்னுயிரை விடுதல் அன்பின் முதிர்ச்சியாகலாம். தன்னை அடைந்த மனைவி மக்களின் உயிரை விடுதல் அன்பாகாது. அகஸ்தீன் தன்னைக் காத்தலையும் பிறரைக் காத்தலையும் வேறுபடுத்தியதும் இந்நுட்பம் பற்றியே. அன்றியும், நாயன்மார் செயல் அவர்தம் அநுபவநிலை, எல்லார்க்கும் விதியன்று.

சித்தாந்தம் இதற்குத் தரும் அடிநிலை பின்வருமாறு. தநு கரண புவன போகங்கள் உயிர்களின் மலநீக்கம் கருதி இறைவன் மாயையினின்று தோற்றுவித்துக் கொடுத்தவை. ஆகலின் நம்முடம்பு நம் ஆக்கமன்று. வீணே இழத்தற்கும் உரிமை இல்லை. எதிர்வரும் கள்வன் உடம்பும் அவ்வாறே அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் வினை நுகர்ந்து கழித்தற்கு அதுவே கருவி. நம் கருவியைக் காத்தற்கு வேண்டிய அளவே அவன் கருவியைத் தடுக்கலாம்; இடர் நீங்கிய அப்பொழுதே உரிமையும் நீங்கும். ஓடுவானைப் பின்தொடர்ந்து கொல்லுதலும், வீழ்ந்தானை மேலும் அடித்தலும் காப்பல்ல. சினமும் ஆணவமும் காப்பின் வேடம் பூண்டு வந்தனவே.

படைக்கலம் உடையார் கடன்

மேற்கூறியவற்றாற் பெற்ற அறத்தை, உரிமச்சீட்டுப் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் இல்லத்தில் எவ்வாறு கைக்கொள்வது என்பதைச் சுருக்கிக் கூறுதும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமச்சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றாயிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. குடகுநாட்டில் மட்டும் குடகர்க்கும் ஜம்மா நிலமுடையார்க்கும் சில துப்பாக்கிகளுக்கு உரிமச்சீட்டு வேண்டாதென்னும் பழைய விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டு அறிவிப்பால் அது 2029 அக்டோபர் 31 வரை நீட்டப்பட்டது. அக்குடகர் ஆண்டுதோறும் கைல்போள்து என்னும் விழாவில், வயல்வேலை முடிந்தபின் துப்பாக்கியைத் துடைத்துக் காந்தட்பூச் சூட்டி வழிபடுகின்றனர். வழிபடப்பட்ட பொருளை விளையாட்டாக எடுத்தல் மரபன்று. ஆயுதபூசையின் உட்பொருளும் அதுவே என்பது எம் கருத்து.

முதற்கடன் அறிதல். இருளிற் கேட்ட ஓசை கள்வன் காலடியோ, தண்ணீர் பருக எழுந்த மகன் காலடியோ என்று தெளியாமுன் சுடுதல், தந்தையைக் கள்வனென்று கொல்லுதலோடு ஒக்கும். ஞாயிறு உதியாத இரவில் இல்லத்தானே விளக்கேற்றி ஞாயிற்றை வருவித்தல் வேண்டும். குரல்கொடுத்துப் பெயர்கேட்டல் வேண்டும். இல்லத்தார் அனைவரும் எங்குளர் என்பதை அறிதல் வேண்டும்.

இரண்டாங்கடன் கையாளுதல். துப்பாக்கி எதுவாயினும் எப்பொழுதும் குண்டேற்றியதாகவே கருதுக. சுடக் கருதாத எதன்மேலும் குழல்வாய் திரும்பலாகாது. குறிவைத்துத் துணிந்தாலன்றி விசையில் விரல் படலாகாது. குறியை மட்டுமன்றி அதற்கப்பாலுள்ளதையும் அறிக. மெல்லிய சுவர் குண்டைத் தடுக்காது, அதன் மறுபுறம் உறங்குவோர் இருக்கலாம். இந்நான்கையும் பயிற்சியாற் பழக்கமாக்கவேண்டும். அச்சம் வந்தபொழுது அறிவு உதவாது, பழக்கமே உதவும்.

மூன்றாங்கடன் பூட்டுதல். இதுவே கைபிடிச்சுவர். கையிலோ நேர்க்காவலிலோ இல்லாத துப்பாக்கி குண்டு நீக்கிப் பூட்டியிருத்தலும், தோட்டாக்கள் வேறிடத்திற் பூட்டியிருத்தலும், சாவி சிறுவர்க்கும் பிறர்க்கும் எட்டாதிருத்தலும் வேண்டும். பூட்டிவைப்பின் கள்வன் வருங்கால் எடுக்க நேரமிராதே எனின், விரைவில் திறக்கும் சிறுபெட்டகங்கள் இக்காலத்து உள. உடையான் விரல் பட்டாலன்றித் திறவாதனவும் உள. கள்வன் வருதல் எப்போதோ ஓரிரவு. மகன் வீட்டிலிருத்தல் எல்லா இரவும். அமெரிக்க நாட்டில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளுட் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலை என்பதை நினைவுகூர்க. கள்வனைக் கருதி வாங்கியது, உள்ளம் நொந்த இல்லத்தான் ஒருவன் கையிற் சேர்ந்து அவனையே வாங்குகின்றது. இல்லத்தில் எவரேனும் பெருந்துயரிலோ, கடுஞ்சினத்திலோ, குடியிலோ இருப்பின், அப்படைக்கலத்தைத் தற்காலமாக வெளியேற்றி உரியார்பால் முறைப்படி ஒப்புவித்தலே அறம். முட்டும் எருது என்று அறிவிக்கப்பட்டபின் உடையானுக்கு வேறு விடையில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், தற்காப்புரிமை சமயநூல்களிற் பிறந்ததே என்பதும், பிறந்த இடத்தில் அது தனித்துப் பிறக்கவில்லை என்பதும் பெறப்பட்டன. எபிரேயர் அதனோடு கைபிடிச்சுவரை வைத்தனர். அக்வினாஸ் அளவை வைத்தார். ஆங்கிலர் அரசன் மன்னிப்பை வைத்தனர். விஞ்ஞானேசுவரர் கழுவாயை வைத்தார். நம் நாயன்மார் பகைவன் பழிக்கும் இரங்கும் உள்ளத்தை வைத்தனர். இத்துணையும் நீக்கி உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வோர் வேதத்தைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

இல்லத்திற் படைக்கலம் வைக்கக் கருதும் அன்பர் தம்மைத்தாம் வினவவேண்டியது, கள்வன் வந்தால் என் செய்வேன் என்பது மட்டுமன்று. கள்வன் வாராத ஆயிரம் இரவுகளில் அது எங்கே, யார் கைக்கு எட்டுமாறு கிடக்கும் என்பதே முதல் வினா. அதற்கு விடை காணாதார் அதனை வாங்காதொழிதல் நன்று. உயிர்கள் எல்லாம் தத்தம் வினைப்போகம் இனிது கழித்து அருளை அடையுமாறு எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிக.